ஒரு நிமிஷ வாயுவும் நாலு நாள் வாயுவும்

பாளையங்கோட்டையில் நான் பௌதிகம் சொல்லிக்கொடுத்த கல்லூரியில், முதல் யுத்தத்துக்கு முந்தைய வருஷங்களில், சோதனைச்சாலை என்று பெயர் சொல்ல இருந்தவை இரண்டு அலமாரியும் ஒரு நீள மேஜையும்தான். தராசு ஒன்று உண்டு. அதன் ஒரு தட்டு கொஞ்சம் கனம். சீமையிலிருந்து விலைப்பட்டியல் புத்தகங்கள் மட்டும் தவறாமல் வரும். சாமான் வராது. பட்டியலில் உள்ள படங்களைப் பார்த்து, செய்ய முடிந்ததை நாங்களே செய்துகொண்டோம்.

அப்படி நான் செய்தவற்றில் எனக்கு அதிகம் கர்வம் தந்தது ஒரு டப்பா. பிஸ்கட் தகர டப்பாவின் இரண்டு பக்கத்தையும் வெட்டிக் கண்ணாடி பதித்தேன். மேலே கந்தகத்தை உருக்கி அடைப்பு வார்த்து, அதன் நடுவே ஒரு பித்தளைக் கம்பியை இறக்கினேன். கம்பியில் ஒட்டுவதற்குத் தங்க ரேக்கு, அதாவது ஊதினால் பறக்கும் மெல்லிய தங்கத் தாள், வேண்டும். அதை டவுனில் நாட்டு மருந்துக் கடையில் வாங்கினேன். "வீட்டுல யாருக்கு மேலுக்கு முடியல? லேகியத்துக்கா?" என்று கடைக்கார அண்ணாச்சி கேட்டார். டப்பாவுக்கு என்றேன். அவர் என்னை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் பொட்டலம் மடித்தார்.

டப்பா செய்யும் வேலை சுலபமானது. அரக்குக் குச்சியைக் கம்பளித் துணியில் தேய்த்துக் கம்பியைத் தொட்டால், ரேக்கு கம்பியை விட்டு விலகி நிற்கும். உள்ளே இருப்பது சாதாரணக் காற்று என்றால் நெடுநேரம் அப்படியே நிற்கும். ரேடியமோ தோரியமோ சம்பந்தப்பட்ட காற்று என்றால் அதன் வழியாக மின்சாரம் ஒழுகிப் போய்விடும், ரேக்கு இறங்கும். எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்பதைக் கடிகாரத்தை வைத்துக்கொண்டு பார்க்க வேண்டும்.

தோரியத்துக்காக நாங்கள் சீமைக்கு எழுத வேண்டியிருக்கவில்லை. கல்யாண ஊர்வலத்தில் தலையில் தூக்கிக்கொண்டு போவார்களே வாஷிங்டன் விளக்கு, அதன் மேண்டில் என்கிற வலைத்திரி எரிந்தபின் வெள்ளைச் சாம்பலாக நிற்கிறதே, அது பெரும்பாலும் தோரியம்தான். உடைந்த மேண்டில்களை ஒரு கண்ணாடிக் குழாயில் போட்டு, ரப்பர் பந்தை அமுக்கி அதன் வழியாகக் காற்றை டப்பாவுக்குள் ஊதினால் ரேக்கு விறுவிறுவென்று இறங்கும். மாணவர்கள் வாயைப் பிளப்பார்கள். ஊதுவதை நிறுத்தி, மறுபடி அரக்கால் தொட்டுப் பார்த்தால், ஒரு நிமிஷத்தில் வேகம் பாதியாகியிருக்கும், அடுத்த நிமிஷத்தில் அதிலும் பாதி. பத்து நிமிஷத்தில் ஒன்றும் மிஞ்சாது.

தோரியம் ஒரு வாயுவைக் கக்குகிறது, அந்த வாயு நிமிஷத்துக்கு நிமிஷம் பாதியாகச் செத்துக்கொண்டு வருகிறது என்று நான் பாடம் சொல்வேன். ரேடியமும் ஒரு வாயுவைக் கக்கும். அது பாதியாவதற்கு ஏறக்குறைய நாலு நாள் பிடிக்கும். இரண்டும் எதனோடும் சேராதவை. அமிலத்தில் விட்டாலும் சரி, பழுக்கக் காய்ந்த செம்பின் மேல் ஓட்டினாலும் சரி, போனபடியே வெளியே வரும். நாம் மூச்சுவிடும் காற்றில் இருக்கும் ஆர்கானும் அந்த ஜாதிதான். ஆனால் அது சாவதில்லை. நியானில் இரண்டு எடை உண்டு என்றும் அவை இரண்டும் சாகாதவை என்றும் பிற்பாடு படித்தேன். தோரியத்து வாயுவும் ரேடியத்து வாயுவும் வேறு வேறு என்றுதான் அப்போது நினைத்திருந்தோம். இரண்டும் ஒரே தனிமம், எடையும் ஆயுளும்தான் வேறு என்பதும், ஐசோடோப்பு என்ற பெயரும் யுத்தம் வருகிற சமயத்தில் வந்து சேர்ந்தவை. இன்று பள்ளிக்கூடப் பிள்ளைகள் இதை ஒரே வரியில் ஒப்பித்துவிடுகிறார்கள். நான் அதைப் படித்துக்கொண்டதற்கு விலை கொடுத்தவள் என் அக்காள்.

அக்காள் என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். ஆழ்வார்திருநகரிக்குப் பக்கத்தில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் அத்தான் தலைமை ஆசிரியர். பள்ளியோடு சேர்ந்த போர்டிங்கில் இருபது பிள்ளைகள்; அவர்களுக்கு அக்காள்தான் பொங்கிப் போட்டாள். முப்பத்தைந்து வயதிலேயே அவளுக்குக் கைவிரல் மூட்டுகள் வீங்கின, பிறகு முழங்கால். இங்கிலீஷ் மருந்தும் நாட்டு மருந்தும் பார்த்தாயிற்று. நாற்பதை நெருங்கும்போது அவளால் விரலை நீட்டவும் முடியவில்லை, முழுதாக மடக்கவும் முடியவில்லை. சட்டையில் பொத்தான் போடுவதற்கு யாரையாவது கூப்பிட வேண்டியிருந்தது.

அம்பாசமுத்திரத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் ஒரு கல்லூற்று உண்டு. பாறை இடுக்கிலிருந்து விரல் பருமனில் தண்ணீர் வரும். பக்கத்தில் ஒரு சின்னக் கோயில். மூட்டு முடங்கியவர்கள் அங்கே போய் நாற்பது நாள் தங்கி, அந்தத் தண்ணீரில் குளித்து, அதையே குடித்துவிட்டு வருவது வழக்கம். அக்காளின் அடுத்த வீட்டு அம்மாளின் தாயாரை அங்கே கட்டிலில் வைத்துத் தூக்கிப் போனார்களாம், அவர் நடந்து திரும்பினாராம். அதைக் கேட்ட நாளிலிருந்து அக்காளுக்கு வேறு நினைப்பு இல்லை.

நாங்கள் மூன்று தலைமுறையாக வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள். அத்தான் அதிலும் கண்டிப்பானவர். ஓய்வுநாளில் சவரம்கூடச் செய்துகொள்ள மாட்டார். அக்காள் கேட்டபோது அவர் சத்தம் போடவில்லை. "ஞாயித்துக்கிழமை சபையில நின்னு நான் வேதம் வாசிக்கணும். என் வீட்டுக்காரி சாமி ஊத்துல முங்கிக்கிட்டு இருந்தான்னா என் வாயில வார்த்தை வருமா?" என்று மட்டும் கேட்டார். அக்காள் மறுபடி கேட்கவில்லை. கேட்காமலே இருந்தாள் என்பதுதான் அவரை அரித்தது என்று நினைக்கிறேன், ஏனென்றால் அவர் நல்ல மனுஷர்.

அந்த வருஷம் மதராஸ் பத்திரிகை ஒன்றில் ஒரு செய்தி வந்தது. ஐரோப்பாவில் சில ஊற்றுகளில் ரேடியத்தின் வாயு கரைந்திருக்கிறது, மூட்டு நோய்க்காரர்களை டாக்டர்களே அங்கே அனுப்புகிறார்கள் என்று. அத்தான் அதைக் கத்தரித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, வண்டி கட்டிப் பாளையங்கோட்டைக்கு வந்தார்.

"மாப்ள, இந்த வாயு அந்த ஊத்துல இருக்கான்னு உன் டப்பா சொல்லுமா?"

"சொல்லும் அத்தான்."

"இருக்குன்னா எழுத்துல குடு. அப்ப அது சாமி தண்ணி இல்ல, மருந்துத் தண்ணி. நானே கொண்டுபோயி விடுதேன். இல்லன்னா இந்தப் பேச்சை இத்தோட விட்டுருவோம்."

அந்த வாயு மூட்டு நோயைத் தீர்க்குமா என்று அவர் என்னிடம் கேட்கவில்லை. நானும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வது என் சுபாவம். அதை ஒரு நல்ல குணம் என்று அப்போது நினைத்திருந்தேன்.

தண்ணீரைக் குடத்தில் கொண்டுவந்தால் வாயு வழியிலேயே பறந்துவிடும். எங்கள் வீட்டில் திருகு மூடி போட்ட பித்தளைக் கூஜா ஒன்று இருந்தது, ரயில் பிரயாணத்துக்கு எடுத்துப் போவது. அதைச் சோதனைச்சாலை உதவியாளரிடம் கொடுத்தேன். அவர் மேலப்பாளையத்துக்காரர், ஐம்பது வயது தாண்டியவர். சாயங்காலங்களில் கல்யாண வீடுகளுக்கு வாஷிங்டன் விளக்கு ஏற்றிக் கொடுக்கும் வேலையும் பார்த்தார்.

"பாய், இது எங்க அக்காவுக்காகப் போகுது. உள்ளயும் வெளியயும் நல்லா வெளக்கிக் குடுங்க" என்றேன்.

மறுநாள் கூஜாவைக் கொடுத்தபோது அதில் முகம் பார்த்துத் தலை சீவலாம் என்று இருந்தது.

சனிக்கிழமை ரயிலில் அம்பாசமுத்திரம் போய், அங்கிருந்து மாட்டுவண்டியில் ஊற்றுக்குப் போனேன். கூஜாவைத் தண்ணீருக்குள்ளேயே முக்கி, குமிழி போகும்வரை காத்திருந்து, உள்ளேயே வைத்து மூடினேன். பக்கத்தில் கால் நீட்டி உட்கார்ந்திருந்த ஒரு நோயாளி, "என்னவே, தண்ணி ஓடியா போயிரும்?" என்றார். தண்ணீர் ஓடாது, அதில் இருப்பதுதான் ஓடும் என்றேன். அவர் சிரித்துவிட்டுக் காலைத் தடவிக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை சோதனை. கூஜாவிலிருந்து கொஞ்சம் தண்ணீரைக் கொட்டிவிட்டு, இரண்டு குழாய் செருகிய தக்கையால் வாயை அடைத்தேன். ரப்பர் பந்தை அமுக்க அமுக்கக் காற்று தண்ணீருக்குள் குமிழியிட்டு, பஞ்சு அடைத்த குழாயைத் தாண்டி டப்பாவுக்குள் போயிற்று. ரேக்கு இறங்கியது. என் ஆசைக்காக அப்படித் தோன்றியது அல்ல. நன்றாகவே, கண்ணுக்குத் தெரிய இறங்கியது. ஒப்பிட்டுப் பார்க்க, ஒரு கண்ணாடிப் புட்டியில் ஆற்றுத் தண்ணீரை எடுத்து அதே மாதிரி ஊதினேன். ரேக்கு அசையவில்லை.

இந்த இடத்தில் நான் செய்திருக்க வேண்டியது ஒன்றே ஒன்று. ஊதுவதை நிறுத்தி, டப்பாவை அடைத்து, சும்மா காத்திருந்திருக்க வேண்டும். பத்து நிமிஷம் போதும். அந்தப் பத்து நிமிஷத்தைப் பற்றி மாணவர்களுக்கு நான் எத்தனையோ முறை பாடம் நடத்தியிருக்கிறேன். ஆனால் மணி அடித்துவிட்டது, எனக்கு இண்டர்மீடியட் வகுப்பு. டப்பாவைத் திறந்து காற்றாட வைத்துவிட்டுப் போனேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அத்தானுக்கு எழுதினேன்: "மேற்படி ஊற்றுநீரில் ரேடியத்தின் வாயு தாராளமாக இருக்கிறது." கீழே என் கையெழுத்தும் பட்டமும். தாராளமாக என்ற சொல்லை எழுதும்போது எனக்கு உள்ளுக்குள் ஒரே குளிர்ச்சி.

அத்தான் சொன்ன சொல் தவறவில்லை. போர்டிங்குக்கு ஒரு சமையல்காரனைத் தற்காலிகமாக ஏற்பாடு செய்தார். சபைப் பெரியவர்களிடம் என் கடிதத்தைக் காட்டினார். அக்காளை ஊற்றுக்குப் பக்கத்தில் ஒரு ஓட்டு வீட்டில் கொண்டுபோய் விட்டு, உள்ளூர் அம்மாள் ஒருத்தியைத் துணைக்கு வைத்தார். சனிக்கிழமைதோறும் தானே போய்ப் பார்த்து வந்தார். கோயில் பக்கம் திரும்பாமல் போய்வர ஒரு குறுக்குப் பாதையையும் கண்டுபிடித்துவிட்டார்.

அக்காளிடமிருந்து வந்த முதல் கடிதம் வேறு யாரோ எழுதியது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது வாரம் வந்த கடிதத்தை உறையைக் கிழிக்கும் முன்பே அடையாளம் தெரிந்துகொண்டேன். எழுத்து கோணல்மாணலாக இருந்தது, ஆனால் அவள் கை. "பொத்தான் போட்டேன்" என்று எழுதியிருந்தாள். நான் அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு வீடு முழுவதும் நடந்தேன். என் மனைவி என்னவென்று கேட்டதற்குக் காகிதத்தை நீட்டினேன். ரொம்ப சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷத்தில் பாதி அக்காளுக்காக, பாதி டப்பாவுக்காக என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

டப்பாவுக்கான பாதி என்னைச் சும்மா இருக்கவிடவில்லை. நம் ஜில்லாவில் ரேடிய ஊற்று என்று மதராஸுக்கு ஒரு கட்டுரை எழுதி அனுப்பத் தீர்மானித்தேன். அதற்கு வாயுவின் ஆயுளை அளந்து எழுத வேண்டும். அத்தான் அடுத்த முறை போனபோது அதே கூஜாவில் தண்ணீர் பிடித்து வந்தார். அன்று வகுப்பு இல்லை. ஊதினேன், ரேக்கு இறங்கியது. ஊதுவதை நிறுத்திக் கடிகாரத்தைப் பார்த்தேன். ஒரு நிமிஷத்தில் வேகம் பாதி. இரண்டாவது நிமிஷத்தில் கால். பத்து நிமிஷத்தில் ரேக்கு அப்படியே நின்றுவிட்டது.

ரேடியத்தின் வாயு நாலு நாள் தாங்க வேண்டும். ஒரு நிமிஷத்தில் சாகும் வாயு மலையிலிருந்து ரயில் ஏறி என் மேஜைக்கு வந்து சேர முடியாது. அப்படியானால் அது இந்த அறையிலேயே பிறந்தது. தண்ணீரை முழுதும் கொட்டிவிட்டு, வெறும் கூஜாவுக்குள் காற்றை ஊதினேன். ரேக்கு முன்னைவிட வேகமாக இறங்கியது.

"பாய், இந்தக் கூஜாவ எத வச்சு வெளக்குனீங்க?"

"சாம்பல் வச்சுத்தான் ஐயா."

"எந்தச் சாம்பல்?"

அவர் அலமாரிக்கு அடியிலிருந்து ஒரு சின்னத் தகர டின்னை எடுத்து வந்து திறந்தார். உள்ளே மாவுபோல வெள்ளைத் தூள்.

"நீங்க கொழாயிலருந்து கொட்டுத மேண்டில் தூளுதான். கல்யாண வீட்டுல ஒடையுததையும் சேத்து வச்சிருக்கேன். அடுப்புச் சாம்பல் போட்டா கீறல் விழுந்துரும். இது பித்தளையத் தங்கமாக் காட்டும். வீணாத் தூரப் போட்டா பரக்கத்தும் விருத்தியும் போயிரும்லா?" என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அக்காவுக்குன்னு சொன்னீங்க. அதான் ரெண்டு கை கூடவே போட்டுத் தேச்சேன்" என்றார்.

கூஜாவின் கழுத்து மடிப்புக்குள் விரலை விட்டேன். வெள்ளையாக வந்தது. எனக்குக் கோபம் வந்தது, யார்மேல் காட்டுவது என்றுதான் தெரியவில்லை. ஆற்றுத் தண்ணீரைக் கண்ணாடிப் புட்டியிலும் ஊற்றுத் தண்ணீரைக் கூஜாவிலும் வைத்து ஒப்பிட்டவன் நான். மேண்டிலைக் கொட்டியவனும் நான். பாய் செய்ததெல்லாம், சொன்ன வேலையை அன்போடு செய்ததுதான்.

உண்மை தெரிந்த பிறகு ஒரு நாள் தாமதித்தாலும் அது பொய் என்று அப்போது எனக்கு ஒரு கொள்கை இருந்தது. அன்றைக்கே எழுதினேன். என் முந்தைய கடிதம் தவறு, ஊற்றுநீரில் வாயு இருப்பதாக நிரூபணம் ஆகவில்லை, வெட்கத்தோடு திருத்திக்கொள்கிறேன் என்று. அத்தானுக்குத்தான் எழுதினேன். அக்காளுக்கு எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கடிதத்தைத் தபால் பெட்டியில் போட்டுவிட்டு வரும்போது, யோக்கியமான காரியம் செய்தேன் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தது ஞாபகம் இருக்கிறது. நான்காவது வாரம் முடியும்போது அத்தான் அவளை வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டார்.

கிறிஸ்மஸுக்கு அங்கே போனேன். அக்காள் அடுக்களையில் பலகாரத்துக்கு மாவு ஆட்டிக்கொண்டிருந்தாள். விரல்களால் குழவியைப் பிடிக்க முடியாமல், இரண்டு உள்ளங்கை அடியாலும் அதைத் தள்ளிக்கொண்டிருந்தாள். கடிதத்தில் பார்த்த அந்தக் கை இல்லை இது. நான் பக்கத்தில் ஒரு மணையைப் போட்டு உட்கார்ந்தேன்.

"அக்கா, அந்தத் தண்ணியில ஒண்ணும் இல்லக்கா. நான்தான் தப்பாப் பாத்துட்டேன்" என்றேன்.

"ஒண்ணும் இல்லன்னு எனக்கு மொத நாளே தெரியும்லே. பச்சத் தண்ணி."

"அப்ப வெரல் எப்படி நீண்டுச்சு?"

அவள் மாவை வழித்து உள்ளே தள்ளினாள். "நாலு வாரம் நான் ஆட்டல, இடிக்கல. கெணத்துல கயிறு புடிக்கல. அந்த அம்மா பொங்கித் தந்துச்சு, நான் தின்னுட்டு வெயில்ல உக்காந்திருந்தேன். கல்யாணமாகி வந்த பெறவு நான் சும்மா இருந்தது அந்த நாலு வாரந்தான். இதை உன் டப்பாவுல பாத்தியாலே?"

"அத்தான்ட்டச் சொல்லியிருக்கலாம்லா?"

"சொன்னேன். எல்லாப் பொம்பளையும் செய்யுத வேலதானேன்னாக. தண்ணிக்குன்னா விடுதாக லே. எனக்குன்னா விடமாட்டாக."

எனக்கு அவள் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. தண்ணீரைச் சோதித்தேன், கூஜாவைச் சோதித்தேன், அவள் அந்த வீட்டில் பொழுதை எப்படிக் கழித்தாள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்த இரண்டாவது கடிதத்தில் இன்னொரு வரி எழுதியிருப்பேன்.

குழவியை நிறுத்திவிட்டு அக்காள் மெதுவாகச் சொன்னாள். "வருசத்துல ஒரு தடவ உன் டப்பா பொய் சொல்லப்படாதா?"

பொய் எழுதிக் கையெழுத்துப் போட என்னால் முடியாது என்று எனக்குத் தெரியும். ஆனால் பாளையங்கோட்டைக்குத் திரும்பும் வழியெல்லாம் அந்தக் கேள்வி கூடவே வந்தது. நான் கடைசியாக நிரூபித்தது கூஜா கெட்டது என்பதை மட்டும்தானே. தண்ணீரைச் சுத்தமான பாத்திரத்தில் வைத்து இன்னும் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லையே.

ஜனவரியில் புதுக் கண்ணாடிப் புட்டி ஒன்றை எடுத்துக்கொண்டு மறுபடி ஊற்றுக்குப் போனேன். டப்பாவின் உள்பக்கத்தைத் துடைத்து, குழாய், தக்கை எல்லாவற்றையும் மாற்றினேன். இந்தத் தடவை ஊதி முடித்ததும் டப்பாவை அடைத்துவிட்டுக் காத்திருந்தேன். ரேக்கு இறங்கியது, ஆனால் மிக மெதுவாக. கண்ணாடியில் நான் கீறி வைத்த ஒரு கோடு இறங்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. பத்து நிமிஷம் தாண்டி மணிக்கணக்கிலும் அந்த வேகம் குறையவில்லை. மறுநாளும் இருந்தது, கொஞ்சம் குறைவாக. ஒவ்வொரு நாள் காலையிலும் அரக்கால் தொட்டு, கடிகாரத்தோடு உட்கார்ந்தேன். நாலாவது நாள் சரியாகப் பாதி. நாலு நாள் வாயு. ரேடியத்துடையதேதான். மேஜையைத் தட்டிக்கொண்டு தனியாகச் சிரித்தேன்.

ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்ற புத்தி இந்த முறை தவறவில்லை. அதே மாதிரிப் புட்டியில் எங்கள் கல்லூரிக் கிணற்றுத் தண்ணீரை எடுத்துச் சோதித்தேன். அதிலும் அதே வாயு, ஏறக்குறைய அதே அளவு. பாறையில் தோண்டிய கிணறு எதுவானாலும் கொஞ்சம் இருக்கும்போலும். அதை நோட்டில் குறித்துக்கொண்டேன்.

ஒரு காகிதம் எடுத்து எழுதினேன்: "ஊற்றுநீரில் ரேடியத்தின் வாயு இருப்பது இம்முறை சந்தேகத்துக்கு இடமின்றித் தெரிகிறது." ஒவ்வொரு எழுத்தும் சத்தியம். கிணற்றைப் பற்றி எழுதவில்லை. யாரும் என்னைக் கிணற்றைப் பற்றிக் கேட்கவில்லை. தபாலில் அனுப்பாமல், சனிக்கிழமை நானே எடுத்துக்கொண்டு வண்டி ஏறினேன்.

அத்தான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தரம் வாசித்தார். அக்காள் அடுக்களை நிலையைப் பிடித்தபடி நின்றிருந்தாள். அவர் முகம் மலர்ந்தது. அவருக்கும் அவள் போக வேண்டும் என்றுதான் இருந்தது, என் திருத்தக் கடிதம் அவரையும் வாட்டியிருக்கிறது. காகிதத்தை மடித்தவர், ஒருமுறை ஏமாந்த ஆள் என்பதால் கேட்டார்.

"எம்புட்டு இருக்கு மாப்ள?"

அக்காள் என்னைப் பார்த்தாள். போதுமான அளவு என்று சொல்லியிருக்கலாம். டாக்டரைத்தான் கேட்க வேண்டும் என்று தட்டிக் கழித்திருக்கலாம். நான் ஆயுள் முழுக்க வாத்தியாராக இருந்தவன். எதிரே நின்று எவ்வளவு என்று கேட்டால், என் வாயில் அளவுதான் வரும்.

"கொஞ்சந்தான் அத்தான். எங்க காலேஜ் கெணத்துல இருக்குத அளவுதான்."

அவர் யோசித்தார். அப்புறம் எனக்கு மறக்க முடியாத ஒரு சந்தோஷத்தோடு நிமிர்ந்தார். "அப்ப நம்ம கெணத்துலயும் இருக்கும்லா?"

"இருக்கும்."

"பெறவு எதுக்கு அம்புட்டுத் தூரம் அலையணும்? கர்த்தர் வீட்டுலயே வச்சிருக்காரு. காலையில வெறும் வயித்துல குடிக்கட்டும். எறச்ச ஒடனே குடிக்கணும், அப்படித்தான மாப்ள? வச்சிருந்தாப் பறந்துபோயிரும்லா?"

"ஆமா" என்றேன். அதுவும் சரியான பதில்தான். அக்காள் உள்ளே போய்விட்டாள். அன்று இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, அவளுக்கு வேண்டியது ஓய்வு, அடுக்களைக்கு ஒரு ஆள் என்று அத்தானிடம் நான் வாய்விட்டுச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "மொதல்ல மருந்தப் பாப்போம் மாப்ள" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கிணற்றடியில் உருளைச் சத்தம் கேட்டு எழுந்து போனேன். அத்தான் துலக்கிய டம்ளரும் கையுமாக, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு பனியில் நின்றிருந்தார். அன்போடுதான் நின்றிருந்தார். அக்காள் இறைத்துக்கொண்டிருந்தாள். விரல் மடங்காததால் கயிற்றை மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றி, உடம்பைப் பின்னால் சாய்த்து இழுத்தாள். நான் ஓடிப்போய்க் கயிற்றைப் பிடித்தேன். அவள் விடவில்லை.

"விடுலே. நாளைக்கு நீயா வந்து எறைக்கப் போற?" என்றாள்.

எனக்கு மத்தியானம் வண்டி. திங்கட்கிழமை காலை வகுப்பு இருந்தது.